ஹாஜி சித்கி குடித்துவிட்ட காபி

என் அக்கா மகன் ஆஸிமுக்குப் பெண் கேட்கப் போன அன்றுதான் எங்களுக்கு நாடும் கிடைத்தது. இரண்டும் ஒரே நாளில், ஏறக்குறைய ஒரே நிமிஷத்தில். இதில் எது நிஜமாகக் கிடைத்தது, எது பேச்சளவில் கிடைத்தது என்று என்னைக் கேட்டால் பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்.

பெண் பெயர் லமீஸ். பிர்ஸேத் பல்கலைக்கழகத்தில் ஆஸிமோடு படித்தவள். அவள் ஊர் நாப்லுஸுக்கு அந்தப் பக்கம், பெய்த் இம்ரீன். நாங்கள் தெற்கே, கலீல் நகரத்தை ஒட்டிய ஹல்ஹூல். திராட்சைக்குப் பேர்போன ஊர். வரைபடத்தில் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். அந்த உள்ளங்கை முழுக்கக் கேட்டுகள். சாலைக்குக் குறுக்கே மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்புக் கேட்டுகள், சாவி இஸ்ரேல் ராணுவத்தின் கையில். காலையில் திறந்திருப்பது மத்தியானம் மூடியிருக்கும். ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது. அதனால் எங்கள் ஜனங்கள் காலையில் எழுந்ததும் கைப்பேசியில் பார்ப்பது கேட் நிலவரம். மற்ற நாட்டுக்காரர்கள் மழை வருமா என்று பார்ப்பார்களாம்.

பெண்ணின் அப்பா அபூ கஸ்ஸான், அதாவது கஸ்ஸானின் அப்பா. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். கஸ்ஸான் மூத்த மகன், அவனும் அவன் தம்பியும் தோஹாவில் வேலையில் இருக்கிறார்கள். மனைவி காலமாகிவிட்டார். வீட்டில் அவரும் லமீஸும்தான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் என் அக்கா சுஹைலாவும் சும்மா பேசிப் பார்க்கலாமென்று அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். நன்றாகத்தான் உபசரித்தார். விஷயத்தை எடுத்ததும் தலையை ஆட்டினார்.

"பொண்ணைக் குடுக்கறதுல ஒண்ணும் இல்லைங்க. எந்த நாட்டுக்குக் குடுக்கறேன்னு எனக்குத் தெரியணுமில்ல? உங்களுக்குன்னு ஒரு நாடு வரட்டும். வாங்க, பேசலாம்" என்றார்.

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஊர் திரும்பி வண்டியை விட்டு இறங்கும்போதுதான் அக்கா, "டேய், அந்த ஆளு முடியாதுன்னு சொல்லிட்டாருடா" என்றாள். நாப்லுஸ்காரர்கள் இல்லை என்று சொல்வதில்லை, சிரிக்கவைத்து அனுப்பிவிடுவார்கள். நாங்கள் கலீல் பக்கத்து ஆட்கள். எங்களுக்கு ஒரு விஷயம் புரிய வேண்டுமென்றால் வீடு வந்து சேர வேண்டும். எங்கள் மண்டைக் கனத்தைப் பற்றி நாடு முழுக்க ஜோக் சொல்லிச் சிரிப்பார்கள். நாடு இல்லை, மன்னிக்கவும், ஊர் முழுக்க.

ஆனால் கனத்த மண்டையில் ஒரு விஷயம் ஏறிவிட்டால் இறங்காது. ஆஸிம் அந்தப் பேச்சை வாக்காகவே எடுத்துக்கொண்டான். எங்கேயாவது ஒரு நாடு பாலஸ்தீனத்தை அங்கீகரித்தால் உடனே லமீஸுக்குத் தகவல் போகும். அவள் போய் அப்பாவிடம் சொல்வாள்.

"அயர்லாந்தா? நல்ல ஜனங்கதான். மழை ஜாஸ்தி" என்பார் அவர்.

"ஸ்பெயினும் சொல்லிடுச்சுப்பா."

"அவங்க பந்து நல்லா ஆடுவாங்க. பெரிய ஆளுங்க யாராவது சொல்லட்டும்மா."

இப்படியே நாள் ஓடியது. போன செப்டம்பரில், திராட்சை அறுவடை மும்முரத்தில் இருந்தபோது, ஆஸிம் என் தோட்டத்துக்கு வந்து நின்றான். முகம் சரியில்லை.

"மாமா, ஞாயித்துக்கெழமை லண்டன் சொல்லப்போறான்."

"என்னன்னு?"

"நாம ஒரு நாடுன்னு."

"நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம மண்ணை நம்மளைக் கேக்காமலே இன்னொருத்தருக்கு வாக்குக் குடுத்தவன். இப்ப வந்து சொல்றானா? சொல்லட்டும். நீ அந்தப் பெட்டியைத் தூக்கு."

அவன் பெட்டியைத் தூக்கவில்லை. "தோஹாவிலிருந்து கஸ்ஸான் ஒரு மாப்பிள்ளை பாத்திருக்கான் மாமா. மருந்துக்கடை வெச்சிருக்காராம். அடுத்த மாசம் வந்து பாத்துட்டு, முடிச்சு, கூட்டிட்டே போயிடுவாங்களாம். லமீஸ் அழறா. இனிமே நான் எந்த நாட்டுக்குக் காத்திருக்கறது?"

கத்தரியைக் கீழே வைத்தேன். பையனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. லண்டன்காரனுக்கு இருக்கிற அவசரத்தைப் பார்த்தால் இவன் தலை நரைத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அதிசயமாக ஆள் சொல்ல வருகிறான். அதே ஞாயிற்றுக்கிழமை ஜாஹா போய்விடுவது என்று முடிவு செய்தோம்.

ஜாஹா என்றால் ஊர்ப் பெரிய மனிதர்கள் கூட்டமாகப் போய்ப் பெண் கேட்பது. அதற்கு ஒரு தலைவர் வேண்டும். எங்கள் வட்டாரத்தில் அந்த வேலைக்கு ஹாஜி சித்கியை விட்டால் ஆள் இல்லை. வெள்ளை மீசை, ஒட்டக நிறத்தில் தோளங்கி, மசூதிக்கு ஒலிபெருக்கி தேவைப்படாத குரல். தான் பெண் கேட்டு இதுவரை ஒரு வீட்டிலும் இல்லை என்று சொன்னதில்லை என்பார். இதை அவர்தான் சொல்வார். ஆனாலும் பொய் இல்லை.

ஜாஹாவின் சூட்சுமம் எல்லாம் காபியில் இருக்கிறது. பெண் வீட்டார் சர்க்கரை போடாத கறுப்புக் காபியைச் சின்னக் கோப்பையில் கொண்டுவந்து தலைவரிடம் கொடுப்பார்கள். அவர் அதை வாங்கி, குடிக்காமல் முன்னால் வைத்துவிட்டு, "வந்த விஷயத்துக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் குடிக்கிறோம்" என்பார். வீட்டுக்காரர், "உங்க காபியைக் குடிங்க, வந்த விஷயம் கிடைச்சாச்சு" என்று சொன்னால் பெண் கிடைத்ததாக அர்த்தம். விருந்தாளி காபி குடிக்காமல் திரும்பிப் போனால் வீட்டுக்காரருக்குப் பெரிய அவமானம். அதனால் கோப்பை கீழே இருக்கும்வரை பிடி எங்கள் கையில். குடித்துவிட்டால் நாங்கள் வெறும் விருந்தாளி.

வழக்கமாக இதெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்துவிட்டு நடத்துகிற நாடகம். இந்த முறை அப்படி இல்லை. நான் போன் செய்தபோது அபூ கஸ்ஸான், "வாங்க, காபி குடிச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்ன அர்த்தம் என்று ராத்திரி முழுக்க அக்காவும் நானும் யோசித்தோம். நாப்லுஸ்காரர் பேச்சு.

விடிந்ததும் இரண்டு வேனில் கிளம்பினோம். முன்வண்டியில் ஆண்கள், பின்வண்டியில் அக்காவும் நாலைந்து பெண்களும். மடியில் திராட்சைப் பெட்டிகள். கிளம்பும்போதே பெண்கள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டார்கள்: பதில் ஆம் என்று வந்தாலும் குலவை கூடாது. காஸாவில் நடப்பது நடக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் கல்யாணங்களில் பாட்டு இல்லை, மேளம் இல்லை, குலவையும் இல்லை. யாரும் சட்டம் போடவில்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வாதி நார் இறக்கத்தில் ஒரு சோதனைச்சாவடி. அங்கே வண்டிகள் நின்றன, நின்றுகொண்டே இருந்தன. வெயில் ஏறியது. நான் ஹாஜிக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அவர் கையை ஆட்டிவிட்டார்.

"வேணாம். இங்க எத்தனை நேரம்னு தெரியாது. என் வயசுக்குத் தண்ணி குடிச்சா தாங்காது. எறங்கி ஓரமா ஒதுங்கலாம்னா, அந்தப் பையன் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு நிக்கறான்."

எங்கள் ஊர்களில் வயசான ஆண்கள் பயணம் போகிற நாளில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஹாஜி சித்கி காலையிலிருந்து ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. இதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பெய்த் இம்ரீனுக்குப் போகிற வழியிலும் கேட் மூடிக் கிடந்தது. வேறு வழியாகச் சுற்றி, ராணுவம் சாலையை மறித்துக் கொட்டிவைத்த ஒரு மண்மேட்டருகே இறங்கி, மேட்டின்மேல் ஏறி அந்தப் பக்கம் போனோம். திராட்சைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் ஆஸிமும். தோளங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாஜி சித்கி. "தூதுக்குழு வருது, வழி விடுங்க" என்று அவரே சொல்லிக்கொண்டார். அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கிடைத்தது.

வாசலில் அபூ கஸ்ஸான் காத்திருந்தார். ஒல்லியான ஆள், மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் இன்னும் பேனா. எங்கள் செருப்பு, காற்சட்டை எல்லாம் மண். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"வாங்க, வாங்க. நாடு இல்லாதவங்க வந்து சேர நேரமாகும்னு தெரியும்" என்றார்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஹாஜி சித்கி அதைப் பார்த்து முகம் சுளித்தார். அவர் பேசும் இடத்தில் இன்னொரு குரல் ஒலிப்பது அவருக்குப் பிடிக்காது.

"இன்னிக்கு அணைக்க முடியாதுங்க ஹாஜி," என்றார் அபூ கஸ்ஸான். "உங்க தரப்பு வக்கீலே அதுல வந்துதான் பேசப்போறாரு. சத்தத்தைக் கொறச்சு வைக்கிறேன்."

பெண்கள் உள்ளறைக்குப் போனார்கள். நாங்கள் சுவரோரம் போட்டிருந்த மெத்தைகளில் உட்கார்ந்தோம். ஆஸிம் வழக்கப்படி தலையைக் குனிந்துகொண்டு கடைசியில் உட்கார்ந்தான். காபி வந்தது. ஏலக்காய் வாசனை கூடம் முழுக்க நிறைந்தது. ஹாஜி கோப்பையை வாங்கினார், ஒரு நொடி அதை ஆசையாகப் பார்த்தார், முன்னாலிருந்த சின்ன மேஜையில் வைத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அபூ கஸ்ஸான், நாங்க தூரத்திலிருந்து வந்திருக்கோம். நல்ல வீட்டைத் தேடி வந்திருக்கோம். உங்க மக லமீஸை எங்க புள்ளை ஆஸிமுக்குக் கேக்கறோம். மூணு வருஷத்துக்கு முன்னாடி நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்க. அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வந்திருக்கோம். உங்க பதிலைக் கேட்ட அப்புறந்தான் இந்தக் காபி."

அபூ கஸ்ஸானின் கண் டிவியில் இருந்தது. "கொஞ்சம் பொறுங்க ஹாஜி. எங்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடி, அந்தாளு என்ன சொல்றாருன்னு கேட்டுடுவோம்" என்று சத்தத்தைக் கூட்டினார்.

லண்டனில் கோட்டுப் போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கொடி. அவர் பேச்சின்மேல் ஓர் அரபுக் குரல் ஓடியது. அமைதி, நம்பிக்கை, எதிர்காலம் என்று ஏதேதோ சொல்லிச் சுற்றி வந்து, கடைசியில் அந்த வாக்கியத்துக்கு வந்தார்: பாலஸ்தீன நாட்டை அங்கீகரிக்கிறோம்.

இத்தனை வயசில் எத்தனையோ தீர்மானம் பார்த்தவன் நான். இதற்கெல்லாம் எழுந்து நிற்கக் கூடாது என்று இருந்தேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. எல்லோருமே எழுந்துவிட்டோம். "சொல்லிட்டான்யா, சொல்லிட்டான்" என்று யாரோ கத்தினார்கள். "மப்ரூக், மப்ரூக்" என்று வாழ்த்திக்கொண்டு ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். நான் கட்டிக்கொண்டிருப்பது அபூ கஸ்ஸானை என்று பாதியில்தான் கவனித்தேன். அவரும் கட்டிக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் இருந்தவர்களுக்கு டிவி தெரியாது. கேட்டதெல்லாம் "சொல்லிட்டான்" என்பதும் வாழ்த்தும்தான். பெண்ணைக் கொடுத்துவிட்டார் என்று நினைத்துவிட்டார்கள். என் அக்கா சுஹைலாவின் குலவைதான் முதலில் கிளம்பியது. எனக்குத் தெரியும் அந்தக் குரல். அவள் பேசிவைத்ததெல்லாம் மறந்துபோய்விட்டது. தொடர்ந்து மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இரண்டு வருஷத்துக் குலவை, வீடே அதிர்ந்தது.

டிவியின் அடியில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. காஸாவில் அன்று செத்தவர்களின் கணக்கு. கோட்டுக்காரர் சிரித்த முகத்தோடு மேலே, கணக்கு கீழே. ஒவ்வொருவராக அதைப் பார்த்தோம், ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். உள்ளே குலவை பாதியில் நின்றது. எனக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷப்பட்டதற்கு வெட்கமா, இவ்வளவு சின்ன விஷயத்துக்குச் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறதே என்று வெட்கமா, தெரியவில்லை.

அப்போதுதான் அபூ கஸ்ஸான் மெதுவாகக் கேட்டார், "ஹாஜி, காபி எப்படி இருந்துச்சு?"

எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். கோப்பை காலி. அடியில் வண்டல் மட்டும். ஹாஜி சித்கியின் வெள்ளை மீசையில் ஒரு கறுப்புக் கோடு.

நாற்பது வருஷமாகப் பெண் கேட்கிற மனிதர். அவர் முகம் போன போக்கை நான் விவரிக்க விரும்பவில்லை. "நான்... வாய் வறண்டு கிடந்தது... எல்லாரும் எழுந்தீங்க, நான் எடுத்து..." என்றார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் காணாமல் போயிருந்தது.

"பரவாயில்லைங்க. நல்லா குடிங்க. காபி குடிக்கத்தானே வரச்சொன்னேன்" என்றார் அபூ கஸ்ஸான். "குடிச்சாச்சு. இனிமே கேக்கறதுக்கு ஒண்ணுமில்லை."

கடைசியில் உட்கார்ந்திருந்த ஆஸிமின் காது சிவந்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"அதெப்படிங்க? காபியும் குடிச்சாச்சு, குலவையும் போட்டாச்சு. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். பொண்ணைக் குடுத்துட்டீங்கன்னுதான் அர்த்தம்" என்றேன்.

"யாரு குடுத்தது? நான் வாயைத் தொறந்தேனா? நீங்களா சொல்லிக்கிட்டீங்க, நீங்களா குலவை போட்டுக்கிட்டீங்க. அறிவிச்சுட்டா ஆயிடுமா?" கையால் டிவியைக் காட்டினார். "இப்ப அவரு அறிவிச்சாரே. போய் அந்த மண்மேட்டைப் பாத்துட்டு வாங்க, எறங்கிடுச்சான்னு."

ஹாஜி மீசையைத் துடைத்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தார். விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை அவர். "அப்படிச் சொல்லாதீங்க. இத்தனை நாளா நம்ம வீடு யாருதுன்னே தெரியலைன்னு லண்டன்காரன் சொல்லிக்கிட்டிருந்தான். இப்ப உன் வீடுதான்னு வாயால சொல்லிட்டான். கோர்ட்டுக்குப் போனாலும் மொதல்ல நமக்குன்னு ஒரு பேரு வேணும்ல?"

"தூரத்துல நின்னுக்கிட்டு உன் வீடுன்னு சொல்றான். உள்ள உக்காந்திருக்கறவனுக்குத் துப்பாக்கியும் அவந்தானே விக்கிறான் ஹாஜி?"

"விக்கிறான். அதுக்காக அவன் சொன்னதை வேணாங்கறதா? வேணும், பத்தாது. ரெண்டுந்தான்."

"அது சரி. எங்கிட்டயும் அதையே வெச்சுக்கங்க. கொள்கையளவுல நான் ஒத்துக்கறேன். நிலைமை சரியானதும் நாள் பாப்போம்."

சிரிப்பு வந்தது எங்களுக்கு. வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் வந்தது. இந்த மனிதர் மறுபடி எங்களைச் சிரிக்கவைத்து அனுப்பப்போகிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வீடு போய்ச் சேராமலே புரிந்தது எனக்கே ஆச்சரியம். அடுத்த மாதம் மருந்துக்கடைக்காரர் வந்துவிடுவார். ஆஸிம் சிரிக்கவில்லை.

உள்ளறைக் கதவு திறந்தது. லமீஸ் வந்து நின்றாள். ஜாஹா நடக்கிற கூடத்துக்குப் பெண் வருகிற வழக்கம் கிடையாது. கையில் காபிப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு காரணத்தோடு வந்திருந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லலாமா? நாடு யாருதுன்னு உலகம் முழுக்கப் பேசறாங்க, அதுல குடியிருக்கறவங்களை ஒருத்தரும் கேக்கறதில்லைன்னு தினம் திட்டுவீங்க. இங்கயும் ஒருத்தரும் கேக்கலையே."

"கேக்கறோம்மா, சொல்லு" என்றார் ஹாஜி, முந்திக்கொண்டு.

"நான் மூணு வருஷத்துக்கு முன்னாடியே அங்கீகரிச்சாச்சு" என்றாள்.

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. அபூ கஸ்ஸான் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பேசியபோது அவர் குரலில் கேலி இல்லை.

"எனக்கு நாட்டைப் பத்தியா கவலை? பையன் நல்லவன்னு எனக்குத் தெரியாதா? தோஹாவுக்குப் போனா இவ விமானத்துல வருவா. வருஷத்துக்கு ஒரு தடவை, ஆனா வந்தா ஒரு மாசம் இருப்பா. ஹல்ஹூல் பக்கத்துல இருக்குன்னு பேரு. எத்தனை கேட்டுங்க நடுவுல? என் தங்கச்சி பெத்லஹேம்ல இருக்கா. வர்றா. வந்து நாற்காலி நுனியில உக்காந்து போனையே பாத்துக்கிட்டிருப்பா. சோத்தைப் போட்டு வெச்சா ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு, 'அண்ணே, கேட்டை மூடப்போறானாம்'னு எந்திரிச்சு ஓடுவா. அதுக்குப் பேரு வர்றதா? என் பொண்ணும் அப்படி வந்து அப்படி ஓடினா நான் தாங்கமாட்டேன்."

அக்கா உள்ளே மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

அபூ கஸ்ஸான் மகளிடமிருந்து பாத்திரத்தை வாங்கினார். காலிக் கோப்பையில் தானே காபியை ஊற்றி ஹாஜிக்கு முன்னால் வைத்தார். "முன்ன குடிச்சது கணக்குல இல்லை. உங்க காபியைக் குடிங்க. வந்த விஷயம் கிடைச்சாச்சு" என்றார்.

ஹாஜி இந்த முறை எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக் குடித்தார். ஆஸிம் முகத்தை மூடிக்கொண்டான். உள்ளே குலவை வரவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது கேட்டது.

நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதி முடிந்ததும் அபூ கஸ்ஸான் தனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். குடிக்காமல் மேஜையில் வைத்தார்.

"இப்ப எனக்கு ஒரு விஷயம் வேணும். பதில் சொன்னாத்தான் குடிப்பேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை என் பொண்ணு இங்க வரணும். சொல்லுங்க, யாரு வாக்குக் குடுக்கறீங்க?"

பெண் வீட்டார் கோப்பையைக் கீழே வைத்து ஜாஹாவிடம் கேட்பதை நான் எங்கும் பார்த்ததில்லை. ஹாஜியும் பார்த்ததில்லை. நான் ஆஸிமைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். வெள்ளிக்கிழமை எந்தக் கேட் திறந்திருக்கும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்? நாடு வந்து ஒரு மணிநேரம்கூட ஆகவில்லை, அதற்குள் அந்த நாட்டுக்காரர்களிடம் ஒருவர் ஒரே ஒரு பாதையைக் கேட்கிறார், எங்களிடம் இல்லை.

"பரவாயில்லை, யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் அவர். சாப்பாடு வந்தது. சுமாக் என்கிற புளிப்புப் பொடி தூவிய கோழியும் ரொட்டியும் சாப்பிட்டோம், குனாஃபா இனிப்பு சாப்பிட்டோம், கொண்டுபோன திராட்சையைப் பாராட்டினார்கள். கோப்பை அப்படியே இருந்தது. லமீஸ் எடுக்கப் போனாள், அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

வெயில் சாயும்போது விடைபெற்றோம். மண்மேட்டுக்குப் போனால், எங்கள் வேன்கள் அந்தப் பக்கம், நடுவில் இரண்டு ஜீப். ஒரு பையன், ஆஸிமின் வயதுதான் இருக்கும், திரும்பிப் போங்கள் என்று துப்பாக்கியை ஆட்டினான். இன்று இந்த வழி கிடையாதாம். எதிர்ப்புறம் நின்ற டிரைவர்கள் தோளைக் குலுக்கினார்கள். ஹாஜி சித்கி, "நாங்கள் அங்கீகரிக்கப்பட்ட நாட்டின் தூதுக்குழு" என்று சொல்ல ஆரம்பித்தார். நான் அவர் தோளங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அபூ கஸ்ஸான் கதவைத் திறந்தார். வாசலில் பெண்களும் ஆண்களுமாக நாங்கள் அத்தனை பேர்.

"என்ன, நாட்டை இங்கயே மறந்து வெச்சுட்டுப் போயிட்டீங்களா?" என்றார்.

மறுபடி கூடத்தில் போய் அதே மெத்தைகளில் உட்கார்ந்தோம். மேஜையில் அந்தக் கோப்பை இருந்தது. ஆஸிம் இந்த முறை கடைசியில் உட்காரவில்லை. நேராகப் போய் மாமனார் முன்னால் உட்கார்ந்தான்.

"மாமா, வெள்ளிக்கிழமைக்கு என்னால வாக்குக் குடுக்க முடியாது. கேட்டு என் கையில இல்லை. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை. என் கையில இருக்கறதைச் சொல்றேன். எப்ப வழி கிடைக்குதோ அப்ப கூட்டிட்டு வருவேன். வந்தா, உங்க வீட்டுல உக்காந்து ஒரு நாளும் கேட் நிலவரம் பாக்கமாட்டேன். மூடப்போறான், எந்திரின்னு லமீஸ்கிட்ட சொல்லமாட்டேன். மூடினா மூடட்டும், தொறக்கறவரைக்கும் இங்கயே இருப்போம். வேலை போனா போகட்டும்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அபூ கஸ்ஸான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது கலீல்காரன், செய்துவிடுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஹாஜி சித்கி தொண்டையைச் செருமினார். பழைய குரல் திரும்பி வந்திருந்தது. "உங்க காபியைக் குடிங்க, அபூ கஸ்ஸான். கேட்ட விஷயம் கிடைச்சாச்சு" என்றார்.

அவர் எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். முகத்தைச் சுளித்தார். "கலீல்காரன் பதில் சொல்றதுக்குள்ள ஆறிப்போச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. ஆறிப்போன காபிக்கு அப்படிக் கலங்காது.

அன்றிரவு அங்கேயே படுத்தோம். காலையில் எல்லோருடைய கைப்பேசியும் ஒன்றாகச் சத்தம் போட்டது: வழி திறந்திருக்கிறது, எத்தனை நேரமோ தெரியாது. ஹாஜி சித்கி தோளங்கியைத் தேடினார். அக்கா செருப்பைத் தேடினாள். நான் வாசலுக்கு ஓடி, "ஆஸிம், கெளம்பு, மறுபடி மூடிடுவான்" என்று கத்தினேன்.

அவன் அசையவில்லை. சப்பணம் போட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

"இன்னும் டீ குடிக்கலையே மாமா" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது. என் தோட்டத்தில் பாதிப் பழம் கொடியில் இருந்தது. அபூ கஸ்ஸான் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டீக்குப் புதினா பறிக்கத் தோட்டத்துக்குப் போனார். மெதுவாகத்தான் போனார்.